எடைச் சீட்டில் இரண்டு பேர்

தாம்பரம் ஸ்டேஷனில், பிரிட்ஜ் படிக்கட்டு இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், ஓர் எடை மெஷின் இருந்தது. சிவப்புப் பெயிண்ட், கண்ணாடிக்குப் பின்னால் சுற்றுகிற ஒரு வட்டம், அதைச் சுற்றி அணைந்து அணைந்து எரிகிற கலர் பல்புகள். ஏறி நின்று, வட்டம் நிற்கும்வரை பொறுத்து, காசைப் போட்டால் உள்ளே ஏதோ உருண்டு, சின்ன அட்டைச் சீட்டு ஒன்று வந்து விழும். ஒரு பக்கம் சினிமா நட்சத்திரத்தின் படம். மறுபக்கம் நம் எடை, அதற்குக் கீழே நம்மைப் பற்றி ஒரு வரி பலன். 'நீங்கள் பிறர் துன்பம் கண்டு இரங்குபவர்' என்று எல்லோருக்கும் வரும். டிக்கெட் வாங்காமல் வந்து மாட்டிக்கொண்டு முழிக்கிறவர் ஏறி நின்றாலும் அதேதான் வரும்.

எண்பதுகளின் நடுவில் மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த மெஷினில் நான் ஏறியிருக்கிறேன். ஏறினேன் என்று சொல்வதுகூடப் பொய்தான். அக்கா ஏறுவாள், நான் அவள் இடுப்பில் இருப்பேன். இரண்டு வயதில் எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப் போயிருந்தன. பிடிமானம் இல்லாமல் என்னால் நிற்க முடியாது; பிடித்துக்கொண்டு நின்றால் மெஷின் குறைத்துக் காட்டும். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே காசு, ஒரே சீட்டு. அதில் வருகிற எண் எங்கள் இருவருடையது. யார் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் அக்கா தனியாக இன்னொரு முறை ஏற வேண்டும். "அத்த தெரிஞ்சுகினு இன்னாடா ஆகப் போவுது?" என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டுவாள்.

பிரச்சினை எடையில் இல்லை, பலனில்தான். ஒரே சீட்டில் வந்தது யாருடைய பலன்? 'தொலைதூரப் பயணம் உண்டு' என்று வந்தால் அது எனக்கு என்று நான் பிடித்துக்கொள்வேன். 'உடல்நலனில் கவனம் தேவை' வந்தால் அக்கா சீட்டை என் சட்டைப் பைக்குள் திணித்துவிடுவாள். ஒரு முறை 'விரைவில் திருமண யோகம்' என்று வந்தது. "உனக்குத்தான்டா," என்றாள் அக்கா. "பதிமூணு வயசுல மாப்பிள்ளை. தூக்கிகினு போய் மணவறையில உக்கார வெக்கிறேன் பாரு." பிளாட்பாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தோம். சிரித்தால் அவள் இடுப்பு குலுங்கும், நான் நழுவுவேன், அவள் ஒரு எக்கு எக்கி என்னை மேலே ஏற்றிக்கொள்வாள்.

எங்கள் வீடு தண்டவாளத்துக்கு மேற்கே, முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. ஒரே அறை, அதை ஒட்டி சமையலுக்கு ஒரு ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு. அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் ஆந்திரா பக்கம் இருப்பார். அம்மா குரோம்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டைப் பட்டன் தைக்கப் போனாள், விடிந்ததும் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவாள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிட்டது. ஆறாவதுக்கு எனக்கு இடம் கிடைத்தது கிழக்கே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ஸ்டேஷன் பிரிட்ஜ். அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள், அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள். அவள் மேலே படிப்பதா வேண்டாமா என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு என்னைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் படிப்பைப் பற்றிய முடிவு அதுதான்.

ஆஸ்பத்திரியில் என் காலுக்கு இரும்பும் தோல்பட்டையுமாக கேலிப்பர் செய்து கொடுத்திருந்தார்கள். நான் வளர்ந்தேன், அது வளரவில்லை. அடுத்ததற்கு எழுதிப் போட்டிருந்தோம், அது வருகிறபோது வரும் என்று சொன்னார்கள்.

தூக்குகிறவர்களின் பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தூக்கப்படுகிறவனுக்கும் வேலை உண்டு என்பது தூக்கப்பட்டவனுக்குத்தான் தெரியும். விட்டேத்தியாகத் தொங்கினால் கனம் ஏறும். தூங்கிவிட்ட குழந்தை கனப்பது அதனால்தான். எடை கூடவில்லை, பிடி போய்விட்டது. அவள் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொண்டால் பாரம் பாதி குறைந்தது போல இருக்கும் அவளுக்கு. ஒரு சாண் விலகினாலும் தோள்பட்டை இழுக்கும். அவள் மூச்சை இழுக்கும்போது நான் பேசக் கூடாது. படி ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வலிக்கும் என்று அவள் சொல்வாள். ஏறுவதுதான் கஷ்டம் என்று நான் நினைத்திருந்தேன். இறங்கும்போது பூமி சும்மா இழுத்துக்கொண்டு போய்விடுமே, அதில் என்ன கஷ்டம்? ஆனால் அந்த இழுப்பை ஒவ்வொரு படியிலும் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தியது அவள் முட்டி.

எனக்கு அப்போதே குற்ற உணர்ச்சி இருந்தது. பெரியவனான பிறகு யோசித்து வந்ததல்ல அது. நடுப் படியில் அவள் நின்று கைப்பிடிக் கம்பியில் முதுகைச் சாய்க்கும்போது, அவள் கழுத்து வேர்வை என் முழங்கையில் ஒட்டும். அந்த ஈரம் பட்டதும், நான் இல்லாமல் இருந்தால் இவள் இந்நேரம் எங்கே இருப்பாள் என்று நினைப்பேன். கீழே எலெக்ட்ரிக் டிரெயின் வந்து நிற்கும், காலேஜ் பெண்கள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குவார்கள். அக்கா அவர்களைப் பார்க்கிறாளா என்று நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் அடுத்த படியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அறிவியல் வகுப்பில் புவியீர்ப்பு வந்தது. எடை என்பது நமக்குள் இருக்கிற ஒன்று அல்ல, பூமி நம்மை இழுக்கிற இழுப்பு என்று சார் சொன்னார். நிலாவில் அந்த இழுப்பு ஆறில் ஒரு பங்குதான் என்றும் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் பிரிட்ஜில் அதை அக்காவிடம் சொன்னேன். "நிலாவுல இருந்தா நான் உனக்குப் பூ மாதிரிக்கா."

"அங்க ஸ்கூலு கீதா?"

"இல்ல."

"பிரிட்ஜாவது கீதா?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்குடா நான் அங்க உன்னத் தூக்கினு திரியணும்?" என்றாள்.

நிலாவுக்குப் போக வழியில்லாததால் நான் சாப்பாட்டில் கை வைத்தேன். இழுப்பைக் குறைக்க முடியாது, இழுக்கப்படுகிற பொருளைக் குறைக்கலாம் அல்லவா? ராத்திரி சோற்றில் பாதியை ஒதுக்கிவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்பேன். காலையில் இட்லி நாலு வைத்தால் இரண்டோடு எழுந்துவிடுவேன். பசி காதை அடைக்கும். பரவாயில்லை, அக்காவுக்கு ஒரு கிலோ குறையும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த மாதம் மெஷினில் ஏறியபோது ஆசையாகச் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். எண் அசையவே இல்லை. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. பூமி என்னிடம் வஞ்சகம் செய்கிறது என்று நினைத்தேன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. நான் ஒதுக்கிய சோற்றை அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் சோற்றைக் கொட்டுகிற வழக்கம் இல்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குள் போய், நின்றபடியே வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் தட்டைக் கழுவுவாள். என்னிடமிருந்து போனது அவளிடம் சேர்ந்தது, இரண்டு பேரும் ஒரே சீட்டில் இருந்தோம், கணக்கு எப்படி மாறும்? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விஷயத்தை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பின்னந்தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இனிமே சோத்த ஒதுக்கின, பிரிட்ஜு மேலருந்து போட்டுடுவேன், ஆமா," என்றாள். ராத்திரி என் எதிரில் உட்கார்ந்து, தட்டு காலியாகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதாவது படிக்கும்போது ஈர்ப்பு மையம் பற்றிய பாடம் வந்தது. சார் போர்டில் ஒரு ஆளை வரைந்தார், கையில் ஒரு வாளி. ஒரு பக்கம் பாரம் ஏறினால் உடம்பு எதிர்ப் பக்கம் சாயும், சாயாவிட்டால் விழுந்துவிடுவோம் என்றார். அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பியது. அவர்கள் எல்லோரும் தினமும் காலையில் கேட்டில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளிதான் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்த வருஷம்தான் அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் பொழிச்சலூரிலிருந்து வந்தார்கள். அம்மா லீவு போட்டாள், அப்பா லாரியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டு பாய் தையல் கடை வைத்திருந்தார்; அவர் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வந்தது. அதற்குப் பதிலாக நான் அங்கே போனேன். எல்லாம் சொல்லாமல் நடந்தது. வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால் ஒன்று, ரத்தத்திலேயே ஏதோ கோளாறு என்று பயப்படுவார்கள், இல்லையென்றால் நாளைக்கு இவனும் நம் தலையில்தான் வந்து விடிவான் என்று கணக்குப் போடுவார்கள். அம்மா என் தலையை வாரிவிட்டு, "கொஞ்ச நேரம்டா கண்ணு," என்றாள். அக்காதான் என்னைத் தூக்கிக்கொண்டு போய் பாய் வீட்டுக் கட்டிலில் இறக்கினாள். பட்டுப் புடவையில் இருந்தாள், மல்லிகைப் பூ வாசம் அடித்தது. பாயின் மனைவி எனக்கு ஒரு கிண்ணத்தில் சேமியா கொடுத்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் கழித்துத் தரகர் வந்தார். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"பொண்ணு ஒரு பக்கமா சாஞ்சு நடக்குதாம்மா. இடுப்புலயோ காலுலயோ கோளாறு கீது, சொல்லாம மறைக்கிறாங்கன்றாங்க."

அம்மா என்ன சொல்வாள்? காரணம் கட்டிலில் உட்கார்ந்து சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்றா? என்னைக் காட்டியிருந்தால் சாய்வுக்கு விளக்கம் இருந்திருக்கும். என்னை ஒளித்துவிட்டு, என்னால் வந்த சாய்வை மட்டும் அவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு நடக்கவிட்டிருந்தோம். இவ்வளவு புத்திசாலித்தனத்தை நாங்கள் மட்டும்தான் செய்திருப்போம்.

எனக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அக்காவுக்காக வருத்தப்பட்டேன். அதற்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில், அப்பாடா என்று இருந்தது. அக்கா போகப் போவதில்லை. நாளைக் காலையும் பிரிட்ஜ், அக்கா, நான். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

சாய்வை நிமிர்த்த அம்மா ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். இடது பக்கப் பாரத்தால் வந்தது வலது பக்கப் பாரத்தால் போய்விடும் என்பது அவள் கணக்கு. சாயங்காலம் என்னை வீட்டில் இறக்கிய பிறகு, அக்கா வலது இடுப்பில் ஒரு குடம் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு சந்து முனைவரை போய் வர வேண்டும். அக்காவும் போனாள். சந்தில் இருந்த பெண்கள், குழாயே இல்லாத திசையில் இவள் எங்கே தண்ணீர் கொண்டுபோகிறாள் என்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாரத்தில் வலது பக்கமும் வலிக்க ஆரம்பித்தது, சாய்வு அப்படியே இருந்தது. ஒரு நாள் அக்கா குடத்துத் தண்ணீரை வாசலில் கொட்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"காலைல அவனு, சாயங்காலம் கொடம். நான் இன்னா தராசாம்மா?" என்றாள்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் புத்தகத்தைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வரன் கூடுவாஞ்சேரியிலிருந்து. மாப்பிள்ளைக்கு மார்க்கெட்டில் அண்ணனோடு சேர்ந்து காய்கறிக் கடை. மறுபடியும் இரண்டு நாற்காலி இந்தப் பக்கம் வந்தது, நான் அந்தப் பக்கம் போனேன். இந்த முறை அம்மா அக்காவிடம், காப்பி கொடுத்துவிட்டு உடனே உட்கார்ந்துவிடு, நிறைய நடக்காதே என்று சொல்லியிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, தரகர் இந்தத் தடவை என்ன சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சேமியா இறங்கவில்லை.

திடீரென்று பின்வாசல் கதவு திறந்தது. அக்கா. பட்டுப் புடவை, பூ, முகத்தில் பவுடர், அதற்கு மேல் வேர்வை. காப்பித் தட்டு கையில் இல்லை.

"வாடா," என்றாள்.

"எங்கக்கா?"

"வாடான்னா."

குனிந்து என்னைத் தூக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். எனக்குப் பதினாலு வயது, உதட்டுக்கு மேல் மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா என்று காதுக்குள் சொன்னேன். கூச்சத்தில் பிடியை விட்டுவிட்டேன், கனத்திருப்பேன். அவள் ஒரு எக்கு எக்கி மேலே ஏற்றிக்கொண்டு, வாசல் வழியாக, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த அறைக்குள் நேராக நடந்தாள். அப்பா எழுந்து நின்றார். அம்மா சாய்ப்பு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இவன் என் தம்பி," என்றாள் அக்கா. "போலியோ. தெனமும் பிரிட்ஜு ஏறி ஸ்கூலுக்குத் தூக்கினு போறேன். அதனாலதான் சாஞ்சு நடக்கிறேன். வேற ஒரு கோளாறும் இல்ல."

அவள் குரல் நடுங்கவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. இதுவும் போச்சு, இதையும் நான்தான் கெடுத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

யாரோ எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளைதான்.

"குடுங்க," என்றார். "நான் வாங்கிக்கிறேன்."

அக்கா கொடுக்கவில்லை. அவர்தான் கையை நீட்டி என் அக்குளில் கொடுத்து வாங்கிக்கொண்டார். வாங்கியவர் தள்ளாடிப் போனார். "யப்பா! இன்னாடா இவ்ளோ வெயிட்டு கீற!" என்றார். மூட்டை தூக்கிப் பழகிய ஆள்தான். ஆனால் முதுகில் ஏறின மூட்டை ஒழுங்காக இருக்கும், நான் நெளிந்தேன். பயந்துபோய் என்னை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார், அவர் கை கடுத்திருக்கும். பேச வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"கிட்ட அணைச்சுப் புடிங்க மாமா. வெயிட்டு தெரியாது."

மாமா என்று நான் கூப்பிட்டதைக் கேட்டு அவர் அம்மா முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையும் காலியாக, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாள் அவளைக் கிட்டே கூப்பிட்டு உட்கார வைத்து, "தெனமுமா இந்தப் புள்ளயத் தூக்கினு ஏர்ற?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

கல்யாணம் தை மாதம் நடந்தது. மறுவீடு எல்லாம் முடிந்து, அக்கா கூடுவாஞ்சேரிக்குக் கிளம்பிய நாளில், வழியனுப்ப நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். செங்கல்பட்டு வண்டி பிடிக்க வேண்டும். மாமா என்னைத் தூக்கிக்கொண்டார், இப்போது கொஞ்சம் பழகியிருந்தார். அக்கா முன்னால் நடந்தாள்.

அன்றைக்குத்தான் முதன்முதலில் அவள் நடையைப் பார்த்தேன். ஒற்றை அறை வீட்டில் யார் நடக்கிறார்கள்? எழுந்தால் சாய்ப்பு, திரும்பினால் வாசல். தெருவில் அவள் நடந்தபோதெல்லாம் நான் அவள் மேலே இருந்தேன். தாம்பரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்த நடையை நான் ஒருத்தன்தான் பார்த்திருக்கவில்லை. இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது, தோள் வலது பக்கம் இறங்கியிருந்தது. இடது கை வீசாமல், கொஞ்சம் மடங்கி, என்னைப் பிடித்திருக்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றது. அங்கே நான் இல்லை. மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தூக்கம் வருதா என்று கேட்டார்.

பிளாட்பாரத்தில் மெஷின் அப்படியே இருந்தது, பல்பு எரிந்தது. வண்டி வர நேரம் இருந்தது. அப்பா சட்டைப் பையைத் துழாவி ஒரு காசு எடுத்துக் கொடுத்தார். அக்கா பழக்கத்தில் என் பக்கம் கையை நீட்டினாள், பிறகு சிரித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டு தனியாக ஏறினாள். வட்டம் சுற்றி நின்றது. சீட்டு விழுந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"இவ்ளோதானா நானு?" என்றாள்.

முப்பத்தாறு கிலோ. என்னிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு மெஷினிலிருந்து இறங்கினாள். கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் சேர்ந்து ஏறியபோது வந்த எண் எனக்கு ஞாபகம் இருந்தது. எழுபத்து நாலு. கழிப்பதற்குப் பேப்பர் தேவைப்படவில்லை. முப்பத்தெட்டு. என்னைத் தூக்கி நடந்தவள் என்னைவிட இலேசாக இருந்தாள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது என்று அவள் எதற்காக ஒவ்வொரு தடவையும் நடையைக் கட்டினாள் என்று அப்போது புரிந்தது. வண்டி வந்தது. ஏறி, வாசலில் நின்று, "பலன்ல பாதி உனக்குடா," என்று கத்தினாள். சீட்டில் என்ன பலன் எழுதியிருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

அவள் போன பிறகு கேலிப்பர் வந்தது, அக்குளில் ஊன்றுகிற கட்டைகள் வந்தன. பிரிட்ஜில் கட்டையோடு ஏற முடியாதபோது படியில் உட்கார்ந்து, முதுகைக் காட்டி, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் பாதிப் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்தபோது முப்பத்தெட்டு கிலோ என்றால் என்ன என்பது என் தோள்பட்டைக்குத் தெரிந்தது. என் எடையை நானே தூக்கவும் எனக்குப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. பத்தாவது முடித்தேன், பிறகு டைப்ரைட்டிங், பிறகு சும்மா இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னைப் போன்றவர்களுக்குக் கொடுக்கிற வரிசையில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. ஸ்டேஷனுக்கு மேற்கே, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில்.

அக்கா மார்க்கெட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ தாம்பரம் வந்தால் பூத்தில் உட்காராமல் போக மாட்டாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒன்றரை வயது, நல்ல பூசினாற்போல் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் கவனித்தேன், வலது இடுப்பில் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இடது பக்கம்தான் வைப்பார்கள், வலது கை வேலைக்கு வேண்டும். அவளும் வலது கைக்காரிதான். இடது கையால் பையைத் தடவி, தடுமாறி, சில்லறையைக் கீழே போட்டாள்.

"ஏன்க்கா அந்தப் பக்கம் வெச்சுகினு கீற?"

"எடது பக்கம் வெச்சா வலிக்குதுடா. இது பொறக்கறதுக்கு முன்னாலருந்தே வலி. டாக்டரு தேஞ்சு போச்சுன்றாரு," என்றாள். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கே தேச்சுட்டேன்டா அந்தப் பக்கத்த. இதுக்கு மிச்சம் இல்ல," என்று சிரித்தாள். கிண்டலாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

எதிர்க் கடையில் குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க வேண்டும் என்று எழுந்தாள்.

"குழந்தைய வெச்சுட்டுப் போ," என்றேன்.

"தூங்குது. கனக்கும்டா."

"வெச்சுட்டுப் போக்கா."

என் மடியில் இறக்கினாள். என் கால்களுக்குப் பலம்தான் இல்லை, உணர்ச்சி இல்லாமல் இல்லை. குழந்தையின் பாரம் முழுவதும் தெரிந்தது. தூக்கத்தில் பிடியில்லாமல் சரிந்தது, நான் கிட்ட அணைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் ஒருத்தரைச் சுமந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் உட்கார்ந்துகொண்டு. பூத்துக்கு ஒருவர் வந்து கல்கத்தா போடணும் என்றார், கொஞ்ச நேரம் கழித்து வாங்க சார் என்று அனுப்பிவிட்டேன். தொடை கடுத்தது, பிறகு மரத்துப்போனது. நான் அசையவில்லை.

ஜி.எஸ்.டி. ரோடு பக்கமிருந்து பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் அக்கா ரோட்டைக் கடந்து வந்தாள். பால் பவுடர் டப்பா வலது கையில் இருந்தது. இடது கை காலியாக இருந்தது. அந்தக் கை லேசாக மடங்கி, அந்த இடுப்பு வெளியே தள்ளி, தோள் மறுபக்கம் சாய்ந்து, யாரையோ தூக்கிக்கொண்டு வருகிறவளைப் போல வந்தாள். நான் அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் நான் இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தேன்.